இலவம் பஞ்சுக்குள் ஓர் ஊசிமுனை

ஊசி உடைந்தபோது சத்தமே வரவில்லை. நான்கு துணித் துண்டுகளின் ஓரங்கள் ஒன்றுகூடும் தடித்த இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தேன். சட்டென்று விரலுக்கு எதிரே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தால் காதுள்ள பாதி மட்டும் நூலில் தொங்கியது. கூர்ப்பக்கம் இல்லை. மடியில் தேடினேன், தரையில் தேடினேன், சட்டையை உதறினேன். எங்கேயும் இல்லை. அப்படியென்றால் அது போர்வைக்குள்தான் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் அவளை மாமியார் ஊரான ரெட்டியார்சத்திரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவோம். பிரசவம் வரைக்கும் இங்கேதான். அவள் படுக்கப்போகும் கட்டிலுக்காகத்தான் இந்தப் போர்வையே.

போர்வை என்று பழக்கத்தில் சொல்கிறேன். திண்டுக்கல் வெயிலில் யார் இதைப் போர்த்திக்கொள்வார்கள்? கட்டில் முழுக்க விரித்துப் படுப்பதற்கான, தடிமனான ஒட்டுத்துணி விரிப்பு. மேலே சின்னாளப்பட்டி சுங்குடித் துண்டுகள், அடியில் காடாத் துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கையால் தையல் ஓட்டி, கட்டம் கட்டமாகப் பூட்ட வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

ஆரம்பம் ஒரு போன் பேச்சு. இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமியார் வீட்டுத் தென்னைநார் மெத்தையில் அக்காவுக்கு இடுப்பு நொந்தது. பலகையில் படுத்த மாதிரி இருக்கிறதென்றாள். நான் யோசிக்கவே இல்லை. நம்ம வீட்டுக்கு நீ வரும்போது மெத்து மெத்தென்று ஒன்று இருக்கும், என் கையால் தைத்தது என்று சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் யூடியூபில் ஓர் அம்மா ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதை, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பார்த்து முடித்திருந்தேன்.

அக்கா சிரித்தாள். "நீயா? கிதார் எங்கடா இருக்கு இப்ப?"

கிதார் சுவரில் மாட்டியிருந்தது, இரண்டு கம்பிகளோடு. மொட்டை மாடியில் தக்காளி வைத்த தொட்டிகளில் இப்போது புல் நிற்கிறது. ஒரு ரேடியோவைப் பிரித்து, அதன் உறுப்புகளை பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். எதையும் வேகமாகக் கற்றுக்கொள்வேன், அதே வேகத்தில் அடுத்ததற்குப் போய்விடுவேன். வீட்டில் என்னைப் பற்றி இருக்கும் ஒரே ஜோக் இதுதான், ஆனால் அதற்கு வயதே ஆவதில்லை.

இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காவுக்கு முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசியதில்லை. இந்த முறை மாதங்கள் ஏற ஏற, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தோம். அப்பா கோயில் கோயிலாகப் போனார். அம்மா புதிது புதிதாகக் கட்டுப்பாடுகளைக் கண்டுபிடித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் கையில் ஊசியை எடுத்தேன்.

துணித் துண்டுகளைச் சேர்ப்பதில் கஷ்டமே இல்லை. சின்னாளப்பட்டியில் பெரியம்மா வீடு முழுக்கச் சேலைத் தொழில். சாயம் திட்டுத் திட்டாக விழுந்த சேலைகளையும் வெட்டு விழுந்தவற்றையும் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அதன் மேல் உளுந்தளவு வெள்ளைப் புள்ளிகள். அம்மாவின் மிதி மெஷினில் ஒரே வாரத்தில் ஒட்டி முடித்தேன். அதுவரை நான் ராஜா.

தப்பு பஞ்சில் நடந்தது. யூடியூப் அம்மா போட்டது கம்பளம் மாதிரிச் சுருட்டி விற்கும் செயற்கைப் பஞ்சு. அதை ஆன்லைனில் வாங்குவதா? சுற்றுவட்டாரம் முழுக்க இலவ மரம் நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் பஞ்சா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேகம்பூரில் ஒரு மெத்தைக் கடைக்குப் போய் சுத்த இலவம் பஞ்சு கேட்டேன். கடைக்கார பாய் எதற்கென்று விசாரித்தார். விலாவாரியாக விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப அது மெத்தையும் இல்ல, போர்வையும் இல்ல. என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க தம்பி?" என்றார். அவர் கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இலவம் பஞ்சுக்கு உட்காரத் தெரியாது என்பது வீட்டில் மூட்டையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. காடாத் துணியின் மேல் பிடி பிடியாகப் பரப்பினால், மூச்சு விட்டதற்கே எழுந்து பறக்கிறது. மின்விசிறி போட முடியாது. பங்குனி வெயிலில் ஹாலின் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, வேர்த்து ஒழுக வேலை செய்தேன். பக்கத்து அறையில் அப்பா தும்மிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக மேல்துணியைப் போட்டு மூடி, இடைக்கிடை ஊக்கு குத்தி, கால்மாட்டு ஓரத்திலிருந்து தையலை ஆரம்பித்தேன். நடுவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். அந்த வீடியோவின் அந்தப் பகுதியை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வரிசை தைக்கும்போதும் பஞ்சு முன்னால் நகர்ந்தது. தைத்து முடித்த கட்டங்கள் சப்பையாகவும் தைக்காத பக்கம் உப்பலாகவும் ஆயின. தலைமாட்டுப் பக்கம் ஒரு திண்டு மாதிரிப் பஞ்சு சேர்ந்துவிட்டது. கையால் நீவி நீவிப் பின்னால் தள்ளுவேன், அடுத்த நாள் மடித்து எடுக்கும்போது திரும்பவும் ஓடிவிடும். மெஷினில் ஓட்டலாமென்றால், இவ்வளவு பெரிய உருப்படி மெஷினின் கைக்கு அடியில் நுழையவே மறுத்தது. அதனால், தைத்த பகுதியைப் பாய் மாதிரி அடிப்பக்கமாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தைக்க வேண்டிய வரிசையைப் பரப்பி, கையால் குத்திக் குத்திப் போனேன்.

எனக்கு நேரமும் குறைவு. மத்தியானத்திலிருந்து லேப்டாப்பில் கம்பெனி வேலை. சாயங்காலம் இடைவேளை கிடைத்தால், அம்மா விளக்கேற்றிவிடுவாள். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஊசி வெளியே வராது. பகலிலும் ஊசியைக் கைக்குக் கை தரமாட்டாள், தரையில் வைப்பாள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதோடு புதிதாக இன்னொன்றும் சொல்லியிருந்தாள்.

"அவ வாசப்படி மிதிக்கிறதுக்குள்ள ஊசி நூலெல்லாம் பீரோவுக்குள்ள போயிரணும். புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல துணியக் குத்திக்கிட்டு ஒக்காரக் கூடாது. புள்ள பெறந்து தீட்டுக் கழிச்சப்பறம் எம்புட்டு வேணாலும் குத்து."

வேறு சமயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் குரலில் இருந்தது சாஸ்திரம் அல்ல, பயம். பயத்தோடு என்னவென்று வாதாடுவது?

இந்த நிலைமையில்தான் ஊசி உடைந்தது.

அம்மாவிடம் உடனே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக மெதுவாக, "கெடைக்கலைன்னா அத பரண்ல போட்டுரு. என் மக அது மேல படுக்க மாட்டா" என்றாள். திட்டியிருக்கலாம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தணிந்த குரலில், "எனக்கு அதுதான்டா வேணும். தேடி எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு கட்டிலளவுப் பஞ்சுக்குள் நகத்துணுக்கு நீளத்தில் ஓர் இரும்பு. முதலில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். குத்தினால் நல்லது என்று வேண்டிக்கொண்டே கையை வைப்பது விசித்திரமான அனுபவம். எதுவும் குத்தவில்லை. ஆனால் இன்றைக்குக் குத்தாதது நாளைக்கு ஒருத்தி புரண்டு படுக்கும்போது குத்தாது என்று யார் சொன்னது? அன்று கம்பெனி மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எனக்குக் காதில் விழவே இல்லை. கண்ணை மூடினால் அக்காவின் விலாவும் ஊசிமுனையும்தான் தெரிந்தன.

மறுநாள்தான் காந்தம் ஞாபகம் வந்தது. என் நண்பன் ஒருவன் நாகல்நகரில் அவன் மாமாவின் பூட்டுப் பட்டறையில் இருக்கிறான். தரையில் சிந்தும் ஸ்பிரிங்குகளையும் ஆணிகளையும் பொறுக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தைக் குச்சியில் கட்டி வைத்திருப்பார்கள். போன் செய்து கேட்டேன். எதற்கென்று சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் பட்டறைச் சத்தமே அடங்கிவிட்டது. இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் வண்டியில் கொண்டுவந்துவிட்டான். ஹாலில் விரித்திருந்ததைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"ஏலே, தாய்மாமன் சீர்னா தங்கத்துல செய்வாங்க. நீ என்னடா பஞ்சுல செய்யிற?"

"காந்தத்தக் குடுத்துட்டுப் பேசு."

"அதுவும் ஊசியோட சேத்து."

தாய்மாமன் என்ற சொல் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அக்காவுக்குத் தம்பியாகத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் முழங்காலிட்டு, தலைமாட்டுத் திண்டிலிருந்து ஆரம்பித்தோம். என் கணக்கு இதுதான்: தைத்த கட்டங்களுக்குள் இருந்த பஞ்சு பூட்டியாகிவிட்டது. ஊசி உடைந்தது தைக்காத விளிம்பில். ஆகவே முனை தளர்ந்த பஞ்சோடு நகர்ந்து அந்தப் பக்கம்தான் போயிருக்கும். காந்தத்தைத் துணியின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். ஓரிடத்தில் 'டிக்' என்றது. நண்பன் என் முதுகில் ஓங்கி அடித்தான். துணியைப் பிரித்தால், நான் மறந்துபோன ஓர் ஊக்கு. வாய் திறந்து கிடந்தது. இதைப் பற்றி நான் கவலைகூடப் படாமல் இருந்திருக்கிறேன்.

அவனுக்கு நேரமாகிவிட்டது, காந்தத்தை விட்டுவிட்டுப் போனான். நான் தளர்ந்த பகுதி முழுக்க இரண்டாம் முறையும் ஓட்டினேன். துணியைப் புரட்டி அடிப்பக்கம் ஓட்டினேன். வேறெதுவும் வரவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டேன். நாளைக்கு வளைகாப்பு. வீடு முழுக்கத் தாம்பாளங்களும் வளையல் அட்டைகளும். சமையலறையில் புளிச்சோற்றுக்குப் புளி காய்ச்சும் வாசனை. மிச்சமிருந்த வரிசைகளைத் தைக்கவும் மனம் வரவில்லை, தைக்காமல் இருக்கவும் முடியவில்லை. முனை கிடைக்காவிட்டால் எதற்குத் தைப்பது? சாயங்காலம் வரை காந்தத்தோடு அந்தத் தளர்ந்த பகுதியையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தோற்றுப்போய், பரணில் போடுவதற்காகச் சுருட்ட ஆரம்பித்தேன். கால்மாட்டிலிருந்து, தைத்த பகுதியை, வழக்கம்போல அடிப்பக்கமாக.

பாதியில் கை நின்றுவிட்டது.

தைக்கும்போது நான் இப்படித்தானே உட்கார்ந்திருந்தேன். தைக்கும் வரிசைக்கு அடியில் வெறும் மடி இல்லையே, இந்தச் சுருள் இருந்ததே. ஊசியை நான் மேலிருந்து கீழே அழுத்தினேன். முனை மூன்று அடுக்கையும் தாண்டி வெளியே வந்து, அடியிலிருந்த சுருளுக்குள் குத்தி உடைந்திருந்தால்? என்றைக்கோ தைத்து முடித்த, பூட்டியாகிவிட்டதென்று நான் காந்தமே வைத்துப் பார்க்காத கட்டத்துக்குள்?

சுவரோரம், அதே இடத்தில், அதே மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சுருட்டியது போலவே சுருட்டினேன். உடைந்த இடத்தில் நூல் இன்னும் அறுந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே எந்தக் கட்டம் வருகிறதென்று பார்த்தேன். அரக்குக் கட்டம். இருப்பதிலேயே தையல் நேராக அமைந்து, நான் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிய கட்டம். சுருளைப் பிரித்து, அதன் மேல் காந்தத்தை வைத்தேன்.

டிக்.

சின்னச் சத்தம். ஊக்குக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை. காந்தத்தை இழுத்தால் துணி ஒரு புள்ளியில் கூடாரமாக எழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். கத்தரிக்கோலால் அந்தக் கட்டத்தைக் குறுக்கே கீறி, விரலை விட்டு, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன். காந்தத்தின் முகத்தில், பஞ்சு நுனி ஒட்டிக்கொண்டு, ஊசிமுனை நின்றது.

காதுள்ள பாதியை ஒரு காலித் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தேன். இரண்டையும் தரையில் ஒட்டி வைத்து, பக்கத்தில் அதே அட்டையிலிருந்து ஒரு முழு ஊசியை வைத்தேன். அம்மாவும் குனிந்து பார்த்தாள். நீளம் சரியாக இருந்தது. இருந்தாலும் என்னவோ, இன்னும் ஒரு சின்னச் சில்லு பாக்கி இருக்குமோ என்று திரும்பத் திரும்ப நகர்த்தி வைத்துப் பார்த்தேன்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. கட்டம் வாயைப் பிளந்துகொண்டு, பஞ்சைக் கக்கிக்கொண்டு கிடந்தது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் விளக்குப் போட்டுவிட்டார்கள். நாளைக் காலை விடிந்ததும் ரெட்டியார்சத்திரம் கிளம்ப வேண்டும், திரும்பும்போது அக்காவோடுதான் வருவோம். இந்தக் கீறலோடு விரித்தால் விடிவதற்குள் அறை முழுக்கப் பஞ்சாகும், அக்கா மூச்சில் போகும். நான் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்று எனக்குத் தெரியும்.

அம்மா பூஜை அலமாரிக்குப் போனாள். தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது. குச்சி உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால், விளக்குக்கு முன்னால், தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் இன்னும் வௌக்கு ஏத்தல. செத்த நேரந்தான். வெரசாத் தை."

தைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் தைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வரிசை கோணலாகப் போவதைப் பார்த்துக்கொண்டே. அரக்குக் கட்டத்தில் இப்போது பெரிய ஆபரேஷன் தழும்பு மாதிரி ஒன்று இருக்கிறது. நூலை அறுத்து, ஊசியைத் தரையில் வைத்ததும் குச்சி உரசும் சத்தம் கேட்டது. விளக்கேற்றி முடித்து வந்து, ஊசி, நூல், உடைந்த இரண்டு துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்புக்குப் போனது. தலைமாட்டுப் பக்கத்தின் கடைசி வரிசைகள் தைக்காமலே நின்றுவிட்டன. பஞ்சுத் திண்டு அப்படியே இருந்தது.

காலையில் எல்லோரும் வேனில் ஏறும் நேரம் நான் கட்டிலில் இருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் உடம்போடு, ஓரம் விடாமல் புரண்டேன். முதுகு, வயிறு, இடது விலா, வலது விலா. இடது விலாவில் இரண்டு தடவை. அம்மா பட்டுச் சேலையில் வாசலில் வந்து நின்று பார்த்தாள். இந்தக் கோலத்தில் பார்த்ததற்கு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கால்மாட்டுல பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"சரி, சட்டையப் போட்டுட்டு வா. வண்டி நிக்கிது."

வளைகாப்பில் என்ன நடந்ததென்று எனக்கு அதிகம் நினைவில்லை. அக்காவின் இரு கைகளிலும் முழங்கை வரை வளையல் ஏறியதும், எல்லோரும் சந்தனம் பூசியதும் தெரியும். நான் கட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஆரத்தி எடுத்து உள்ளே நுழைந்ததும் அக்கா நேராக அறைக்குப் போனாள். வளையல்கள் குலுங்க விரிப்பை ஒரு முறை தடவினாள். தழும்புக் கட்டத்தில் கை நின்றது. மெதுவாகக் கையை ஊன்றி, இடது பக்கமாகப் படுத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய்."

கதவை விட்டுவிட்டுக் கட்டிலருகே ஓடினேன்.

"இது ஏன் இந்தப் பக்கம் இம்புட்டு மேடா இருக்கு?"

அந்தப் பக்கம் இன்னும் தைக்கவில்லை, பஞ்சு ஒதுங்கிவிட்டது, இப்போது ஊசி எடுக்க முடியாது, குழந்தை பிறந்ததும் சரிசெய்து தருகிறேன் என்று மளமளவென்று சொன்னேன். அவள் எழுந்து, விரிப்பின் தலைமாடு கால்மாட்டுக்கு வரும்படி திருப்பிப் போடச் சொன்னாள். திரும்பப் படுத்து, மேட்டை இழுத்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

"இத தச்சு கிச்சு வச்சுறாத," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவளுக்குச் சௌகரியம். எனக்குத்தான் கஷ்டம். அறையைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் தைக்காத வரிசைகள் கண்ணில் படுகின்றன, விரல் நுனி அரிக்கிறது. காந்தத்தை நண்பனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. காலையில் அக்கா குளிக்கப் போகும் நேரம் பார்த்து, குச்சியோடு அறைக்குள் போய், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிடுவேன். அவளுக்குத் தெரியாதென்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று தலையைத் துவட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டாள். நான் கட்டிலின் மேல் முழங்காலிட்டிருந்தேன், கையில் காந்தம். வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன கெடச்சுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அப்பத் தள்ளு. படுக்கணும்."

நகர்ந்து இடம் விட்டேன்.